கடுப்பு இல்லை, கிருமி இருக்கிறது

முக்கூடல் பக்கத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணுக்கு நான்காம் மாதம். பீடி சுற்றுகிறவர். சிறுநீரில் உள்ள கிருமியை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவைப் பார்த்துவிட்டு, கிருமி இருக்கிறது, மாத்திரை சாப்பிட வேண்டும் என்றேன். அவர் வாய் திறக்குமுன் மாமியார் முந்திக்கொண்டார். "கடுப்பு இல்லை, காய்ச்சல் இல்லை, நன்றாகத்தானே இருக்கிறாள் டாக்டரம்மா? சூட்டு உடம்பு. வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தால் போதாதா?"

வெந்தயத்தோடு எனக்குப் பகை இல்லை. ஆனால் இந்தக் கிருமி அதற்கு அசையாது.

கர்ப்பிணிகளில் நூற்றுக்கு 2 முதல் 10 பேருக்கு எந்தத் தொந்தரவும் இல்லாமலே சிறுநீரில் கிருமி இருக்கும். பெரும்பாலும் நம் குடலில் வாழும் ஈ.கோலைதான். கர்ப்ப காலத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் சிறுநீர்க் குழாய்களைத் தளர்த்திவிடுகிறது. வளரும் கர்ப்பப்பையும் அவற்றை அழுத்துகிறது. நீர் தேங்குகிறது. கிருமி மேலே ஏற வழி கிடைத்துவிடுகிறது. மருந்தில்லாமல் விட்டால் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்குச் சிறுநீரகம் வரை தொற்று போகும். நடுக்கத்தோடு காய்ச்சல், வாந்தி, விலாவுக்குக் கீழே வலி என்று படுக்கையில் சேர்க்கும்படி ஆகும். குறைமாதப் பிரசவ அபாயமும் உண்டு.

மடியில் தட்டை வைத்துக்கொண்டு காலையில் உட்கார்ந்தால் ஆயிரம் பீடி முடியும்வரை எழுவதில்லை என்றார் அந்தப் பெண். எழவேண்டி வருமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. 'நிறையத் தண்ணீர் குடியுங்கள், அடக்காதீர்கள்' என்று சொல்வது எனக்கு எளிது. எழுந்தால் கூலி குறைகிறவரிடம் அதைச் சொல்லும்போது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். களக்காட்டுப் பக்கத்துப் பெண் ஒருவர் வீட்டிலேயே சிறுநீர் பிடித்து, தேங்காய் எண்ணெய் பாட்டிலில் ஊற்றி, சித்திரை வெயிலில் இரண்டு பஸ் மாறிக் கொண்டுவந்தார். அதில் கல்ச்சர் செய்தால் பாட்டிலின் கிருமியும் வழியில் பெருகிய கிருமியும்தான் தெரியும். ஆய்வகம் தரும் கிருமி நீக்கிய டப்பாவில், அங்கேயே பிடியுங்கள். சுத்தமாகக் கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பிடிக்க வேண்டும். ஒரு மில்லியில் ஒரே வகைக் கிருமி 1,00,000-க்குக் குறையாமல் இருந்தால்தான் தொற்று என்று எடுத்துக்கொள்கிறோம். சாதாரணச் சோதனையில் 'சீழணுக்கள் இல்லை' என்று வந்த சீட்டை நம்பி நிம்மதியாகிவிடாதீர்கள், கல்ச்சரே தனி. முதல் முறை மருத்துவமனைக்கு வரும்போதோ 12 முதல் 16 வாரத்துக்குள்ளோ அதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

எந்த மருந்துக்கு அந்தக் கிருமி கட்டுப்படும் என்பதும் அதே சோதனையில் தெரிந்துவிடும். கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கத்தக்க மருந்துகள் இருக்கின்றன. சில மருந்துகளைப் பிரசவம் நெருங்கும்போது தவிர்ப்போம் என்பதால், பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்ட மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்க வேண்டாம்.

எல்லாம் கேட்ட மாமியார், "எனக்குச் சர்க்கரை இருக்கிறது. எனக்கும் கல்ச்சர் பாருங்கள்" என்றார். தொந்தரவு இல்லையென்றால் உங்களுக்குத் தேவையில்லை அம்மா, கிருமி இருந்தாலும் மருந்து கொடுக்கமாட்டோம் என்றேன். "அதே கிருமிக்கு அவளுக்கு மாத்திரை, எனக்கு இல்லையா?" முகம் சுருங்கிவிட்டது. வயிற்றில் பிள்ளை இருப்பதுதான் வித்தியாசம் என்றதும் சிரித்துவிட்டார்.

ஏழு நாள் மாத்திரை. ஒரு வாரம் கழித்துப் பார்த்த கல்ச்சரில் கிருமி இல்லை. வளைகாப்புக்கு முந்தைய வாரம் மறுபடி பார்த்தபோது திரும்ப வந்திருந்தது, அப்படி வருவதுண்டு. இந்த முறை மாமியார் வெந்தயப் பேச்சே எடுக்கவில்லை. மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்று மட்டும் கேட்டார்.