ஆய்வுக்குக் கையெழுத்திட்டால் மதிப்பீடு தொடங்கிவிடாது

இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலில் (உள்ளாட்சி மன்றத்தில்) கல்வி உளவியலாளராகப் பணிபுரிகிறேன். அண்மையில் மறுபடியும் ஒரு தமிழ்த் தாய் தன் பிளாஸ்டிக் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து என்முன் வைத்தார். மேலே இடப்பக்கம் பல்கலைக்கழகத்தின் சின்னம், வலப்பக்கம் கவுன்சிலின் சின்னம். கீழே வரிசையாகச் சிறு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் அவர் பெயரின் முதலெழுத்து. "போன வருடமே கவுன்சிலிலிருந்து வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டார்கள். முடிவுதான் இன்னும் வரவில்லை" என்றார். அது ஓர் ஆய்வில் பங்கேற்பதற்கான ஒப்புதல் படிவம். பிள்ளைக்கு என்ன உதவி தேவை என்று மதிப்பிடக் கேட்டு கவுன்சிலில் அந்தப் பிள்ளையின் பெயரில் விண்ணப்பமே இல்லை. வராத முடிவுக்குக் காத்திருந்து ஒரு முழுக் கல்வியாண்டு போய்விட்டது. (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இப்படி வருகிறவர் இவர் ஒருவர் என்றால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

கவுன்சில்களும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து சிறப்புக் கல்வித் தேவைகள் பற்றி ஆய்வு செய்வது இங்கே வழக்கமான ஒன்று, தேவையானதும்கூட. கல்வி உளவியலாளர் ஆவதற்கான முனைவர் படிப்பு 3 ஆண்டுகள். பயிற்சியில் இருப்பவர்கள் அதில் பெரும்பகுதியைக் கவுன்சில்களில் வேலை பார்த்தபடியே முடிக்கிறார்கள். அவர்களுடைய ஆய்வேடுகள் பலவும் அந்தந்தப் பகுதிப் பள்ளிகளிலிருந்தே பிறக்கின்றன. ஆகவே, இன்று உங்கள் பிள்ளையோடு ஆய்வுக்காக உட்கார்ந்திருப்பவரே நாளை வேறொரு பிள்ளையை மதிப்பிடக் கவுன்சிலின் சார்பில் போகலாம். ஆள் ஒருவராக இருந்தாலும் வேலைகள் இரண்டு. குழப்பம் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஆய்வாளர் தேடுவது ஒரு கூட்டத்தைப் பற்றிய விடையை. இந்த வாசிப்புப் பயிற்சி பலன் தருகிறதா, இந்த வயதுப் பிள்ளைகள் வகுப்பு மாறும்போது எதற்குத் திணறுகிறார்கள் என்பவை அவருடைய கேள்விகள். உங்கள் பிள்ளைக்கு என்ன உதவி வேண்டும் என்பது அவருடைய கேள்வி அல்ல. அவர் எடுக்கும் மதிப்பெண்கள் பெயர் நீக்கப்பட்டு ஒரு குறியீட்டு எண்ணின் கீழ் போய்விடும். அவற்றைப் பார்த்து உதவி ஆசிரியரை நியமிக்கப் பள்ளியில் எவருக்கும் வழியில்லை. சில ஆய்வுகளில் உங்கள் பிள்ளை, பயிற்சி பெறுவோரோடு ஒப்பிடுவதற்காக வைக்கப்படும் ஒப்பீட்டுக் குழுவில் இருக்கக்கூடும். அப்படியானால் அந்தப் பயிற்சிகூட ஆய்வு முடியும்வரை கிடைக்காது. மக்கள்தொகைக் கணக்கெடுக்க வந்தவரிடம் கூரை ஒழுகுகிறது என்று சொல்லிவிட்டால் கொத்தனார் வந்துவிடுவாரா? தயவுசெய்து இந்த ஒன்றை மட்டும் மனத்தில் இருத்துங்கள்: ஆய்வில் நடப்பது எதுவும் சட்டப்படியான மதிப்பீடு அல்ல. கவுன்சிலின் சின்னம் எத்தனை பெரிதாக இருந்தாலும் அல்ல.

சட்டப்படியான வழி வேறு. 2014ஆம் ஆண்டின் குழந்தைகள், குடும்பங்கள் சட்டத்தின் 36ஆம் பிரிவின்கீழ், கல்வி, சுகாதாரம், பராமரிப்புத் தேவைகளை மதிப்பிடும்படி நீங்களே கவுன்சிலிடம் கேட்கலாம். பள்ளி கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. மருத்துவரின் நோயறிக்கை இல்லாமல் கேட்கக் கூடாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், சட்டத்தில் அப்படி ஒரு நிபந்தனை இல்லை. மின்னஞ்சலில் அனுப்புங்கள், தேதியுள்ள நகலை வைத்திருங்கள். மதிப்பிடுவதா வேண்டாமா என்ற முடிவைக் கவுன்சில் 6 வாரத்துக்குள் சொல்ல வேண்டும். மதிப்பீட்டின் முடிவில், பிள்ளைக்குரிய உதவிகளை எழுதித் தரும் சட்டப்படியான திட்டம் (EHC plan) தருவதென்றால், கேட்ட நாளிலிருந்து 20 வாரத்துக்குள் அது உங்கள் கைக்கு வர வேண்டும். நடைமுறையில் தாமதம் சாதாரணம்: 2024இல் புதிய திட்டங்களில் பாதிக்கும் குறைவானவையே இந்தக் கெடுவுக்குள் வந்தன. ஏற்கெனவே வரிசை இவ்வளவு நீளமாக இருக்கும்போது, வரிசையிலேயே நில்லாமல் ஓராண்டு காத்திருப்பதைப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரிகிறது.

கவுன்சில் மறுத்தால் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யலாம். மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து பொதுவாக 2 மாதமே அவகாசம், ஆகவே கடிதத்தை மடித்து வைத்துவிடாதீர்கள். ஒவ்வொரு கவுன்சில் பகுதியிலும் பெற்றோருக்கான இலவசத் தகவல், ஆலோசனைச் சேவை இருக்கிறது. கடிதம் எழுதவும் அவர்கள் உதவுவார்கள். (இவையெல்லாம் இங்கிலாந்துக்கு மட்டும். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து நடைமுறைகள் வேறு.)

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு: ஆய்வுக்கு மறுத்தால் பிள்ளைக்குக் கிடைப்பதை வெட்டிவிடுவார்கள் என்பது. வெட்ட முடியாது. காரணம் சொல்லாமலே மறுக்கலாம், பாதியில் விலகலாம். தரவை எந்தத் தேதிவரை திரும்பப் பெறலாம் என்பது ஒப்புதல் படிவத்தோடு தரும் தகவல் தாளில் இருக்கும், இல்லையென்றால் கேளுங்கள். நீங்கள் ஒப்புதல் கொடுத்த பிறகும் பிள்ளை "இன்றைக்கு வேண்டாம்" என்றால் ஆய்வாளர் நிறுத்தியாக வேண்டும். பக்கத்தில் நின்று பிள்ளையை அதட்டாதீர்கள்.

அதற்காக ஆய்வுகளைத் தவிர்த்துவிடாதீர்கள் என்றும் கெஞ்சிக் கேட்கிறேன். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகள் ஆய்வுகளில் இல்லாவிட்டால், ஆங்கிலம் மட்டும் பேசும் பிள்ளைகளை அளவுகோலாக வைத்தே கருவிகள் உருவாகும். அந்தக் கருவிகளோடுதான் நாங்கள் உங்கள் பிள்ளையிடம் வருவோம். வீட்டுமொழி ஆங்கிலம் அல்ல என்பதை மட்டும் வைத்து ஒரு பிள்ளைக்குக் கற்றல் சிரமம் இருப்பதாகக் கருதக் கூடாது என்று அதே 2014 சட்டம் சொல்கிறது. ஆய்வாளர் கேட்டால், வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று தயங்காமல் சொல்லுங்கள். பிள்ளை தமிழில் கதை சொல்வதும் ஆங்கிலத்தில் திக்கித் திணறுவதும், அல்லது இரண்டிலும் ஒன்றுபோலத் தடுமாறுவதும், எங்களுக்கு மிக முக்கியமான தகவல்கள். அவற்றை மறைத்துவிட்டால் எங்களுக்குப் பாதிப் பிள்ளைதான் தெரியும்.

இந்த ஆய்வுகளை நடத்தும் சகாக்களுக்கும் ஒரு வேண்டுகோள். நெறிமுறைக் குழு ஒப்புதல் அளித்துவிட்டது என்பதற்காகப் பெற்றோருக்கு விளங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "இது உங்கள் பிள்ளைக்கான மதிப்பீடு அல்ல, அது வேண்டுமானால் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்" என்பதைத் தகவல் தாளின் முதல் வரியாகப் போடுங்கள், நான்காம் பக்கத்தில் அல்ல. எங்கே விண்ணப்பிப்பது என்பதையும் அதன் கீழேயே எழுதுங்கள். பெற்றோர் படிக்கும் மொழியில் கொடுங்கள். கையெழுத்து வாங்குவதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதற்குப் பிறகு என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?" "பள்ளிக்கு அறிக்கை வரும்" என்று அவர் சொன்னால், பேனாவை மூடிவிட்டு முதலிலிருந்து விளக்குங்கள்.