பட்டம் தருவது கல்லூரி அல்ல

பட்டச் சான்றிதழின் உச்சியில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். மூன்றாண்டு படித்த கல்லூரி அங்கே இருக்காது. பல்கலைக்கழகம் இருக்கும், அடியில் துணைவேந்தர் கையெழுத்து இருக்கும். கல்லூரியின் பெயர் நடுவில் எங்கோ ஒரு வரியில் வந்துபோகும். சட்டம் அப்படி.

பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சட்டம், 1956, 22ஆம் பிரிவின்படி, மத்திய, மாநிலச் சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகமோ, நிகர்நிலைப் பல்கலைக்கழகமோ, நாடாளுமன்றச் சட்டத்தால் தனியே அதிகாரம் பெற்ற நிறுவனமோதான் பட்டம் வழங்கலாம். தன்னாட்சிக் கல்லூரி பாடத்திட்டம் வகுக்கலாம், வினாத்தாள் தயாரிக்கலாம், விடைத்தாள் திருத்தலாம். பட்டம் மட்டும் தர முடியாது.

ஐ.ஐ.எம். எனப்படும் இந்திய மேலாண்மைக் கழகங்களையே எடுத்துக்கொள்ளுங்கள். நாடே முட்டி மோதி நுழைவுத் தேர்வு எழுதும் இடம். ஆனாலும் தனிச் சட்டம் இல்லாததால் பல பத்தாண்டுகளாக அவை தந்தது எம்.பி.ஏ. பட்டம் அல்ல, முதுநிலைப் பட்டயம் (டிப்ளமோ). 2017இல் ஐ.ஐ.எம். சட்டம் வந்த பிறகே பட்டம் தரும் உரிமை கிடைத்தது. மதிப்பு வேறு, பட்டம் வேறு. விண்ணப்பத்தில் ‘முதுநிலைப் பட்டம்’ என்று கேட்டிருக்கும் கட்டத்தில் முதுநிலைப் பட்டயத்தை எழுதிவிட்டுச் சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டிக்கொள்பவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

தொலைநிலைக் கல்வியில் இன்னொரு சிக்கல் உண்டு. பல்கலைக்கழகம் அசலாக இருந்தால் மட்டும் போதாது. நீங்கள் சேரும் அந்தப் படிப்புக்கு, அந்தக் கல்வியாண்டுக்கு யு.ஜி.சி. அனுமதி இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு வேலைக்கு வரிசையும் முக்கியம்: பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ அல்லது அதற்கு இணையான படிப்பு, அப்புறம்தான் பட்டம்.

எம்.ஃபில். முடித்தவர்கள் பதற வேண்டியதில்லை. யு.ஜி.சி.யின் 2022 விதிமுறைகள் அந்த ஆய்வுப் படிப்பை நிறுத்தின. அதற்கு முன் தொடங்கிய எம்.ஃபில். படிப்புகளை அவை பாதிக்கவில்லை.

போலிப் பல்கலைக்கழகம் நடத்தினால் என்ன தண்டனை? அதே யு.ஜி.சி. சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்வது, அதிகபட்சம் 1,000 ரூபாய் அபராதம். 1956இல் அது பெரிய தொகையாக இருந்திருக்கும். இன்று ஒரு பருவத் தேர்வுக் கட்டணத்துக்கே போதுமா என்பது சந்தேகம். எனவே சட்டத்தின் மிரட்டலை நம்பி இருக்காமல், கட்டணம் கட்டுவதற்கு முன்பே யு.ஜி.சி. இணையதளத்தில் இரண்டு பட்டியல்களையும் பார்த்துவிடுங்கள்: அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகங்கள் ஒன்று, போலிகள் மற்றொன்று.