சான் பிரான்சிஸ்கோவின் ஹோட்டல் அறைகள் யாருக்குக் கிடைத்தன?

2020 மே மாதம், சான் பிரான்சிஸ்கோ நகர மண்டபத்துக்கு எதிரே, பொது நூலகத்துக்கும் ஆசியக் கலை அருங்காட்சியகத்துக்கும் நடுவில் ஓடும் ஃபுல்டன் தெருவில், தரையில் வெள்ளைப் பெயின்ட்டால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டார்கள். கட்டத்துக்கு ஒரு கூடாரம். ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் கொரோனா இடைவெளி. அந்தப் படங்கள் பரவியதும் பழைய பேச்சு திரும்பக் கிளம்பியது: கூடாரம் போட இடமும் கொடுத்து ஹோட்டல் அறையும் கொடுத்தால், வீடில்லாதவர்கள் எல்லோரும் இங்கேதானே வருவார்கள்? வெல்லம் இருக்கிற இடத்தில் ஈ மொய்க்கத்தான் செய்யும் என்று, அந்தப் பகுதியில் வசிக்கும் நம்மவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

மனிதரை ஈ என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். வெல்ல டப்பா திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்று முதலில் பார்த்துவிடலாம்.

திட்டத்தின் பெயர் ‘ப்ராஜெக்ட் ரூம்கீ’. கலிபோர்னியா ஆளுநர் கவின் நியூசம் 2020 ஏப்ரல் 3 அன்று அறிவித்தார். சுற்றுலா நின்றுபோய்க் காலியாகக் கிடந்த ஹோட்டல்களை அரசு வாடகைக்கு எடுத்து, வீடில்லாதவர்களைத் தங்க வைக்கும். மாநில அளவில் இலக்கு 15,000 அறைகள். செலவில் 75 சதவீதத்தை மத்திய அரசின் பேரிடர் மேலாண்மை அமைப்பான ஃபீமா திருப்பித் தரும். 2021 ஜனவரியில் பைடன் பதவிக்கு வந்ததும் அதை 100 சதவீதம் ஆக்கினார்.

பணம் தருபவர் நிபந்தனையும் வைப்பார் இல்லையா? தொற்று உறுதியானவர், தொற்றாளரோடு பழகியவர், 65 வயதைத் தாண்டியவர், நோயால் உயிராபத்து அதிகம் உள்ளவர் ஆகியோருக்குத்தான் ஃபீமா காசு. வீடில்லை என்பது மட்டும் தகுதி ஆகாது. முப்பது வயதில் திடமாக இருக்கும் ஒருவர் தெருவில் படுத்திருந்தாலும் இந்தக் கணக்கில் வரமாட்டார்.

இன்னொரு விதிதான் இந்த வாதத்துக்கு முக்கியமானது, ஆனால் அதிகம் பேசப்படாதது. ஹோட்டல் வரவேற்பு மேசைக்கு நேராகப் போய் அறை கேட்க முடியாது. காப்பகமோ, மருத்துவமனையோ, தெருவில் சுற்றும் நகரப் பணியாளர் குழுவோ பரிந்துரைத்தால்தான் உண்டு. பக்கத்து ஊரிலிருந்து பஸ் ஏறி வந்து இறங்கினவருக்குத் தட்டுவதற்குக் கதவே இல்லை.

அறைகளும் போதவில்லை. 2019 கணக்கெடுப்பில் நகரத்தில் வீடில்லாதவர்கள் 8,035 பேர்; அவர்களில் 5,180 பேர் தெருவில். நகரம் எடுத்த அறைகள் உச்சத்தில்கூட இரண்டாயிரத்துச் சொச்சம்தான். ஏப்ரலில் ஒரே காப்பகத்தில் 70 பேருக்குத் தொற்று என்று தெரிந்ததும், மேற்பார்வையாளர் குழு (நம்மூர் மாநகராட்சி மன்றம் மாதிரி) 8,250 அறைகள் எடுத்தே ஆகவேண்டும் என்று அவசரச் சட்டம் போட்டது. மேயர் லண்டன் பிரீட் அந்த அளவுக்குப் போகவே இல்லை.

சரி, கூடாரங்கள் பெருகியது பொய்யா? பொய்யில்லை. டெண்டர்லாய்ன் பகுதியில் நடைபாதையே தெரியாத அளவுக்குப் பெருகின. அங்கிருக்கும் சட்டக் கல்லூரி நகரத்தின் மீது வழக்கே போட்டது. ஆனால் காரணத்தைப் பாருங்கள். இடைவெளி வேண்டும் என்று காப்பகங்கள் புது ஆட்களைச் சேர்ப்பதை நிறுத்தின. தனி அறை கொடுக்க முடியாவிட்டால் கூடாரங்களைக் கலைக்காதீர்கள் என்று மத்திய நோய்த்தடுப்பு மையமும் சொல்லிவிட்டது. உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் இருந்தவர்கள் வெளியே தெரிந்தார்கள்.

வெளியூர்க்காரர்கள் யாருமே வரவில்லை என்றும் நான் சொல்லமாட்டேன். வேறு கவுண்டிகளிலிருந்து (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஆட்கள் வருவதாகத் தீயணைப்புத் துறைத் தலைவர் ஜெனீன் நிக்கல்சனே அந்த மே மாதம் சொன்னார். ஆனால் 2019 கணக்கெடுப்பையொட்டிய ஆய்வில், வீடிழந்தபோது சான் பிரான்சிஸ்கோவிலேயே வசித்ததாகச் சொன்னவர்கள் 70 சதவீதம். கலிபோர்னியாவின் வேறு கவுண்டிகள் 22, வெளி மாநிலம் 8. வாய்வார்த்தைக் கணக்குதான், நண்பன் வீட்டு சோபாவில் ஒரு மாதம் படுத்திருந்தவரும் ‘இங்கேதான் இருந்தேன்’ என்று சொல்லியிருக்கலாம். அப்படிக் கழித்துப் பார்த்தாலும் பெரும்பான்மை உள்ளூர்தான்.

உதவி கொடுத்தால் வெளியூர்க் கூட்டம் காந்தம்போல இழுக்கப்படும் என்ற இந்த வாதத்தை வைத்தே ஒருமுறை சட்டமும் மாற்றினார்கள். 2002இல் நடந்த வாக்கெடுப்பில், வீடில்லாதவர்களுக்கு மாதம் 395 டாலர் வரை கொடுத்த உதவித்தொகையை 59 டாலராக வெட்டி, மீதியைத் தங்குமிடமும் சேவைகளுமாகத் தருவது என்று முடிவானது. முன்னின்று நடத்தியவர் அதே கவின் நியூசம்! 2005இல் எண்ணிக்கை 6,248 ஆகக் குறைந்தது உண்மை. ரொக்கம் திரும்ப வராமலேயே 2019இல் அது மேலே சொன்ன 8,035ஐத் தொட்டது.

அப்புறம், 2022 கணக்கெடுப்பு. ஹோட்டல் அறைகள் கூட்டத்தை இழுத்திருந்தால் எண்ணிக்கை ஏறியிருக்க வேண்டும். வந்தது 7,754. தெருவில் படுப்பவர்கள் சுமார் 15 சதவீதம் குறைந்திருந்தார்கள்.

என் குறை வேறு இடத்தில். அந்த வெள்ளைக் கட்ட முகாம்களில் 262 கூடாரங்களுக்கு நகரம் ஒதுக்கியது ஆண்டுக்கு 1.61 கோடி டாலர். காவல், சாப்பாடு, கழிப்பறை எல்லாம் சேர்த்து ஒரு கூடாரத்துக்கு மாதம் ஐயாயிரம் டாலருக்கும் மேல். அப்போது அந்த ஊரில் ஒரு படுக்கையறை வீட்டு வாடகையே ஏறக்குறைய அதில் பாதிதான்.