தண்ணீர் மாற்றிய பிறகுதான் மீன் செத்தது, ஏன்?

தேவகோட்டையிலிருந்து ஓர் ஆச்சி கேட்டிருக்கிறார்: "தம்பி, படைப்புக்குப் பங்காளிக எல்லாரும் வர்றாகளேன்னு முகப்புல இருக்க மீன்தொட்டியச் சுத்தம் பண்ணுனோம். பாதித் தண்ணிய எடுத்துட்டுப் போர் தண்ணி ஊத்துனோம். ஃபில்டர் பஞ்சக் குழாயடில நல்லாக் கசக்கி வெயில்ல காயவச்சு மாட்டுனோம். ராத்திரியே தங்கமீனெல்லாம் மேல வந்து வாயப் பொளக்குது. மறுநாள் ரெண்டு போச்சு, அந்த வாரத்துக்குள்ள மிச்சமும் போச்சு. கடைக்காரத் தம்பி டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டு, அம்மோனியா எட்டுல இருந்து நாலாக் கொறஞ்சிருக்கு, தண்ணி முன்னைக்கு நல்லாத்தான் இருக்குங்குறாரு. பெரியவுக, வீட்டுக்கு வந்த கண்டத்த மீன் வாங்கிக்கிருச்சுன்னுட்டாக. நீங்க என்ன சொல்றிய?"

கண்டத்தை அப்புறம் பார்ப்போம். அதுவரை தொட்டியை எந்தத் தண்ணீரால் நிரப்பி வந்தார்கள் என்று திருப்பிக் கேட்டேன். மழைத்தண்ணீராம். வளவில், அதாவது வீட்டு நடு முற்றத்தில், ஓட்டுத் தாழ்வாரத்திலிருந்து விழுவதை அண்டாவில் பிடித்து, அதைத்தான் ஊற்றி வந்திருக்கிறார்கள், குறையும்போது மேலே கொஞ்சம் சேர்ப்பதோடு சரி. இந்த ஒரு தகவலில் பாதி விடை கிடைத்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் படித்ததை வேகமாக ஓட்டிவிடுகிறேன். மீன் தின்கிற தீனியில் உள்ள புரதம் அம்மோனியாவாக மாறிப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேறுகிறது. ஃபில்டர் பஞ்சில் குடியிருக்கும் ஒரு வகை நுண்ணுயிர் அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட் ஆக்கும். முதல் இரண்டும் விஷம், மூன்றாவது அவ்வளவு மோசமில்லை. வாராவாரம் கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் நைட்ரேட்டும் போய்விடும். மீன் வளர்க்கிற எல்லோரும் சொல்கிற கதைதான் இது.

இதில் எல்லோரும் தாண்டிப் போகிற ஓர் இடம் இருக்கிறது, எனக்குப் பிடித்ததும் அதுதான். தண்ணீரில் அம்மோனியாவுக்கு இரண்டு வடிவம். ஒன்று, மின்னேற்றம் இல்லாத அம்மோனியா. இன்னொன்று, ஒரு ஹைட்ரஜன் அயனியைக் கூடச் சேர்த்துக்கொண்டு நேர் மின்னேற்றம் பெற்ற அம்மோனியம். செட்டிநாட்டு வீட்டில் அறிமுகமில்லாதவர் திண்ணையோடு நின்றுவிடுவார், உறவுக்காரர் யாரையும் கேட்காமல் வளவு தாண்டி இரண்டாம் கட்டு வரை போவார். அம்மோனியம் அந்தத் திண்ணை ஆள். செவுளின் சவ்வு கொழுப்பால் ஆனது, மின்னேற்றம் உள்ள துகளை அது லேசில் உள்ளே விடாது. அம்மோனியாவோ நேரே ரத்தத்துக்குள் போய்விடும்.

எது எவ்வளவு இருக்கும் என்பதைத் தண்ணீரின் பி.எச். தீர்மானிக்கிறது, வெப்பமும் கொஞ்சம். பி.எச். என்பது தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் எண்: 7 நடுநிலை, குறைந்தால் அமிலம், கூடினால் காரம். நம்ம ஊரில் நிழலில் வைத்த தொட்டிகூட 28 டிகிரி இருக்கும், அதையே எடுத்துக்கொள்வோம். பி.எச். 6 என்றால் மொத்தத்தில் 0.07 சதவீதம்தான் விஷ வடிவம். 7 என்றால் 0.7 சதவீதம். 8 என்றால் ஏறக்குறைய 6.5 சதவீதம். ஒரு படி ஏறினால் பத்து மடங்குக்குக் கிட்டத்தட்ட.

இப்போது ஆச்சி வீட்டுத் தொட்டிக்கு வருவோம். மழைத்தண்ணீரில் கார்பனேட் உப்புகள் ஏறக்குறைய இல்லை, அதாவது அமிலத்தைத் தாங்கும் சக்தி அதற்குக் கிடையாது. பஞ்சில் இருக்கும் நுண்ணுயிர்களோ அம்மோனியாவைத் தின்னத் தின்ன அமிலத்தை வெளியே விடுகின்றன. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற, ஏழு கிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமமான காரத்தன்மை செலவாகிறது. அந்தச் செலவைத் தாங்க மழைத்தண்ணீரில் ஒன்றுமில்லை. மாதக்கணக்கில் இப்படிப் போனால் பி.எச். மெல்ல மெல்ல 6-க்கு இறங்கிவிடும். அங்கே அந்த நுண்ணுயிர்களும் வேலையை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன, ஏனென்றால் அவை தின்பதும் மின்னேற்றமில்லாத அம்மோனியாவைத்தான்! தட்டு நிறையச் சாப்பாடு இருக்கிறது, ஆனால் வாய்க்குள் போகிற வடிவத்தில் இல்லை. அதனால் அம்மோனியம் சேர்ந்துகொண்டே போகிறது, மீனும் அதில் சௌக்கியமாக நீந்துகிறது. எட்டு மில்லிகிராம் இருந்தும் மீன் உயிரோடு இருந்ததற்குக் காரணம் இதுதான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். சுத்தம் செய்வதற்கு முன் லிட்டருக்கு 8 மி.கி., பி.எச். 6, ஆக விஷ வடிவம் 0.006 மி.கி. சுத்தம் செய்த பின் மொத்தம் 4 மி.கி.தான், ஆனால் போர் தண்ணீர் சேர்ந்து பி.எச். 8 ஆகியிருந்தால் விஷ வடிவம் 0.26 மி.கி. டெஸ்ட் கிட்டில் பார்த்தால் பாதியாகக் குறைந்திருக்கிறது, மீனுக்கோ நாற்பது மடங்குக்கு மேல் ஏறியிருக்கிறது. 0.05 மி.கி. தாண்டினாலே செவுள் புண்ணாகத் தொடங்கும். கடைக்காரத் தம்பி பொய் சொல்லவில்லை. அந்தக் கிட் இரண்டு வடிவத்தையும் சேர்த்து மொத்தமாகத்தான் காட்டும், பக்கத்தில் பி.எச். எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை.

தண்ணீர் ஊற்றிய உடனே ஒன்றும் ஆகாமல் ராத்திரி ஏன் திணறின என்றும் யோசிக்கலாம். போரிலிருந்து வரும் தண்ணீரில் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு நிறையக் கரைந்திருக்கும், அது பி.எச்.-ஐக் கொஞ்சம் அமுக்கி வைத்திருக்கும். தொட்டியில் ஏர் பம்ப் ஓட ஓட அந்த வாயு வெளியேறி, சில மணி நேரத்தில் பி.எச். இன்னும் ஏறும். குழாயடியில் பிடித்தவுடன் அளப்பது போதாது, ஒரு வாளியில் காற்று விட்டு மறுநாள் அளக்க வேண்டும். ருசியை வைத்தும் முடிவு செய்ய முடியாது. குடிக்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதில் கார்பனேட் எவ்வளவு என்று நாக்குக்குத் தெரியாது.

செவுளுக்குள் நடப்பது இன்னும் அழகு. மீன் தன் ரத்தத்தில் உள்ள அம்மோனியாவை வெளியே தள்ள ஒரு புரதத்தை வாசலாக வைத்திருக்கிறது. நம் ரத்த வகையில் பாசிட்டிவ், நெகட்டிவ் என்கிறோமே, அந்த ஆர்.எச். புரதம் எந்தக் குடும்பமோ, அதே குடும்பத்தைச் சேர்ந்தது இதுவும். அம்மோனியா வெளியே வருகிற அதே இடத்தில் மீன் விடும் கார்பன் டை ஆக்சைடும் வருகிறது. செவுளை ஒட்டியிருக்கும் மெல்லிய நீர்ப்படலத்தை அது அமிலமாக்குகிறது. வெளியே வந்த அம்மோனியா உடனே அம்மோனியமாகிவிடுகிறது, இனி திரும்பி உள்ளே வர முடியாது. மூச்சுவிட்டே மீன் தன் கழிவைப் பூட்டிவிடுகிறது! வெளித்தண்ணீர் காரமாக இருந்து, அதிலேயே அம்மோனியாவும் நிறைய இருந்தால் இந்த ஏற்பாடு தடுமாறுகிறது, உள்ளே இருப்பது போகாது, வெளியே இருப்பதும் வரப் பார்க்கும். மீன் மேலே வந்து வாயைப் பிளப்பது அப்போதுதான்.

அப்படியும் ஒன்றிரண்டு பிழைத்திருக்கும், பஞ்சை வெயிலில் காயப்போட்டிருக்காவிட்டால். இந்த நுண்ணுயிர்கள் வளர்வதில் மகா மந்தம், குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா 20 நிமிடத்தில் இரட்டிக்கிறது என்றால் இவற்றுக்கு அரை நாள், ஒரு நாள்கூட ஆகும். செத்த பஞ்சு மறுபடி உயிர்பெற நாலு வாரம், ஆறு வாரம். பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே லேசாக அலசினால் போதும், பளிச்சென்று இருக்க வேண்டிய அவசியமில்லை.

இங்கே ஒன்று சொல்லத் தோன்றுகிறது. அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும் வேலையைச் செய்பவை பாக்டீரியா மட்டும்தான் என்று நூறு வருஷத்துக்கு மேல் எழுதி வந்தோம். 2005-ல் ஆர்க்கியா என்ற வேறொரு வகை உயிரும் இதைச் செய்கிறது என்று தெரிந்தது, அது கிடைத்தது அமெரிக்காவில் சியாட்டில் நகர மீன் காட்சியகத்தின் ஒரு தொட்டியில். இரண்டு கட்ட வேலையை ஒரே பாக்டீரியா தனியாகவே முடிக்கும் என்று 2015-ல் தெரிந்தபோது, அது கிடைத்த இடங்களில் ஒன்று மீன் வளர்ப்பு ஃபில்டர். மீன்தொட்டிச் சேற்றைச் சுரண்டிப் பார்க்கக் காசு கேட்டால் நம் ஊரில் "இதனால் என்ன பயன்" என்று முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்வார்கள், எனக்கு அது கட்டோடு பிடிக்காது. இத்தனைக்கும் அறிவியலுக்கு அள்ளிக் கொடுத்தவரும் நம் ஊரில் உண்டு. காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் வருவதற்கு அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார், 1948-ல் அடிக்கல் நாட்டினார்கள். பி.எச். மீட்டரின் கண்ணாடி மின்முனை மின்வேதியியலின் பிள்ளைதான். சுத்துப்பட்டுப் பள்ளிக்கூடம் ஒவ்வொன்றிலும் ஒரு மீட்டரை வைத்து, ஊருணித் தண்ணீரை மாசாமாசம் பிள்ளைகளை அளக்கச் சொன்னால் பெரிய செலவு ஒன்றும் ஆகிவிடாது.

கண்டத்தை மீன் வாங்கிக்கொண்டது என்பதில் எனக்கு ஒரே ஒரு சங்கடம்தான், அப்படிச் சொல்லிவிட்டால் பி.எச். பார்க்க யாருக்கும் தோன்றாது. அடுத்த மீனும் அதே வழியில் போகும். வாஸ்து மீன் என்று ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கி வருகிறவர்கள், அந்தக் காசில் சிறு பங்கை டெஸ்ட் கிட்டுக்குக் கொடுக்கலாம்.

சரி, ஆச்சி, செய்ய வேண்டியது இதுதான். மீன் மேலே வந்து திணறினால் மருந்தைத் தேடி ஓடாதீர்கள், தீனியை நிறுத்துங்கள். முன்பு இருந்த அதே வகைத் தண்ணீரால் பாதியை மாற்றுங்கள், மொத்தமும் குறையும், பி.எச்.-உம் ஏறாது. ஜியோலைட் கல்லை ஒரு பையில் கட்டித் தொங்கவிட்டால் அம்மோனியத்தை இழுத்துக்கொள்ளும், ஆனால் உப்புப் போட்ட தொட்டியில் அது இழுத்ததைத் திரும்பக் கக்கும். செவுள் பழுப்பாக இருந்தால் சிக்கல் நைட்ரைட்டில், அதற்கு லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு உதவும், இரண்டையும் ஒன்றாகப் போடக் கூடாது என்பது அதனால்தான். வெள்ளைப் புள்ளி வந்தால் அது ஒட்டுண்ணி, வேறு கதை.

புதுசாகத் தொடங்கும்போது மழைத்தண்ணீரையே ஊற்றுங்கள், அருமையான தண்ணீர். ஃபில்டரில் ஒரு கைப்பிடி கிளிஞ்சல் மட்டும் போட்டுவையுங்கள். உங்கள் வீட்டுச் சுவரில் சுண்ணாம்பாகப் பூசியிருக்கிற அதே சரக்குதான், பச்சையாக, சுடாமல். அமிலம் சேரச் சேர அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ஈடுகட்டும். சுட்ட சுண்ணாம்பைப் போட்டுவிடாதீர்கள், பி.எச். 12-க்குப் போய்விடும். பழைய தொட்டியில் அம்மோனியா ஏற்கெனவே சேர்ந்திருந்தால், அதைக் குறைத்த பிறகுதான் கிளிஞ்சல். இரண்டே இரண்டு சின்ன மீனோடு ஆரம்பித்து, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டும்வரை மூன்றாவதை வாங்காதீர்கள்.