எண்டோபைட்: தமிழில் எப்படிச் சொல்வது?

ஆத்தூர், ஏத்தாப்பூர்ப் பக்கம் மரவள்ளி நடும்போது குச்சியை ஒரு சாண் அளவுக்கு, எட்டுப் பத்துக் கணு இருக்கும்படி நறுக்குவார்கள். வெட்டுவாயில் பால் கசியும் அந்தத் துண்டுக்குள் பாக்டீரியாக்களும் குடியிருக்கின்றன. தேமல் நோயின் வைரஸ் குச்சி வழியே அடுத்த போகத்துக்குப் போவது நம் விவசாயிகளுக்குத் தெரியும். இந்தப் பாக்டீரியாக்களும் அதே வழியில்தான் போகின்றன. செடியின் திசுக்களுக்குள், நோய் எதையும் காட்டாமல் வாழும் இத்தகைய நுண்ணுயிர்களே எண்டோபைட்.

கிரேக்கத்தில் ‘எண்டோன்’ என்றால் உள்ளே, ‘ஃபைட்டோன்’ என்றால் செடி. ஜெர்மானியத் தாவரவியலாளர் அன்டன் டி பாரி 1866இல் இச்சொல்லை ஆண்டார். பூஞ்சையையும் பாக்டீரியாவையும் தாவரத்தோடு சேர்த்து எண்ணிய காலம் அது. அதனால் ‘அகத்தாவரம்’ என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் பொருள் கெட்டுவிடும். ஏற்காட்டு மரக்கிளைகளில் வளரும் ஆர்க்கிட்டைத் தொற்றுத் தாவரம் என்கிறோம். அது உண்மையிலேயே தாவரம், ஆகவே பொருந்துகிறது. இங்கே பொருந்தாது.

‘நன்மை செய்யும் நுண்ணுயிரி’ என்று எழுதுவதையும் நான் ஏற்கமாட்டேன். எண்டோபைட் என்பது இருக்குமிடத்தைச் சொல்லும் பெயர், குணத்தைச் சொல்வதல்ல. செடி வளர வளர உள்ளே இருக்கும் கூட்டம் மாறுகிறது. கிளைவேர் பிளந்து வெளிவரும் இடுக்கு வழியே மண்ணிலிருந்து புதியவை நுழைகின்றன. முந்திக் குடியேறியவை பல நேரம் பிந்தி வருபவற்றுக்கு இடம் விடுவதில்லை. உரக்கடையில் வாங்கும் சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ் என்ற பாக்டீரியாவையே பாருங்கள்: இரும்புச் சத்தை வளைத்துக்கொள்ள ஒரு பொருளைச் சுரந்து, மற்றவற்றைப் பட்டினி போடுகிறது. புற ஊதா வெளிச்சத்தில் மஞ்சள் பச்சையாக ஒளிர்வது அந்தப் பொருள்தான். ‘ஃப்ளூரசன்ஸ்’ என்ற பெயரும் அந்த ஒளிர்வால் வந்தது. வறட்சியைத் தாங்கப் பயிருக்குத் தெளிக்கும் பிபிஎஃப்எம் என்ற நுண்ணுயிர்க் கரைசலில் இருக்கும் மெத்திலோபாக்டீரியம் என்ற பாக்டீரியா வேறு மாதிரி. இளம் இலை விரியும்போது செல்சுவரிலிருந்து மெத்தனால் வெளியாகும். அதையே உண்டு இலையின் மேலும் உள்ளும் வாழ்கிறது. சாதுவாக இருந்த சில, செடி வாடித் தளர்ந்ததும் நோய்க்கிருமியாக மாறுவதும் உண்டு.

ஆகவே ‘அகவாழ் நுண்ணுயிரி’ என்பதே என் தேர்வு. சுருக்கமாக ‘அகவாழி’ எனலாம். கூட்டமாகச் சொல்ல ‘அகவாழ் நுண்ணுயிர்த் தொகுதி’. வேரை ஒட்டிய மண்ணில் வாழ்பவற்றை இதில் சேர்க்கக் கூடாது. அந்த மண்ணுக்கு ஜெர்மானிய அறிவியலாளர் லோரென்ஸ் ஹில்ட்னர் 1904இல் வைத்த பெயர் ‘ரைசோஸ்பியர்’. தமிழில் ‘வேர்ச்சூழ் மண்டலம்’.