வயிற்றில் கட்டிய நெருப்பு பிள்ளைக்கு எப்படித் தாவுகிறது?

விடியுமுன் தேனி மாவட்டத்து எங்கள் கூடலூரிலிருந்து புறப்படும் ஜீப்புகள் கம்பம்மெட்டு ஏறி, கேரளத்து வண்டன்மேட்டுப் பக்கத்து ஏலத்தோட்டங்களில் பெண்களை இறக்கிவிடும். எங்கள் தெரு அக்கா ஒருவர் பல வருடமாக அதில் போகிறவர். பள்ளி விடுமுறையில் பத்து வயது மகன் வீட்டில் தனியாக இருப்பான். “வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டுத்தான் மலையேறுறேன்” என்பார். காய் எடுக்கும் இடத்தில் சிக்னல் கிடைக்காது. டீ குடிக்க விடும் நேரத்தில் மேட்டுப்பாறைக்கு ஓடிப்போய்ப் போன் போடுவார். “சாப்ட்டியா? கதவப் பூட்டிக்க. ஆத்துப் பக்கம் போயிராத.”

அந்த நெருப்பு உடலில் எரியும் விதத்தைப் பார்ப்போம். மூளையின் உள்ளே பாதாம் பருப்பு வடிவில் இருக்கும் அமிக்டலா, ஆபத்து என்று பட்டதும் எச்சரிக்கை எழுப்பும். அட்ரினலின் சுரந்து நெஞ்சு படபடக்கும். பின்னாலேயே மன அழுத்த ஹார்மோனான கார்டிசால் வரும். ஆற்றில் பிள்ளை இறங்கிவிட்டதாக மனதில் ஒரு காட்சி ஓடினால் போதும், உடல் இத்தனையும் செய்துவிடும். மகனின் குரல் கேட்டதும் படபடப்பு அடங்கத் தொடங்கும்.

முடிச்சு விழுவது இங்கேதான். போன் போட்டால் நிம்மதி வருகிறது என்று கற்றுக்கொண்ட மூளை, அடுத்த தவிப்பிலும் போனைத்தான் கேட்கும். சும்மா இருந்தாலும் தவிப்பு தணியும் என்பதை அறிய அதற்கு வாய்ப்பே கிடைப்பதில்லை. அக்காவின் ஒரு போன் நாளைக்கு நாலு போனாக வளர்ந்தது இப்படித்தான். பிள்ளையின் மேல் போடும் பிடியில் பாதிக்கு மேல், பெற்றவர் தன் நடுக்கத்தை நிறுத்தப் போடும் பிடி என்றே நான் நினைக்கிறேன்.

1985இல் வெளிவந்த ஒரு சோதனையை என்னால் மறக்க முடிவதில்லை. ஒரு வயதுக் குழந்தைகளைக் கண்ணாடி மேசையில் தவழ விட்டார்கள். பாதி தூரத்தில், கண்ணாடிக்கு அடியில் தரை ஓரடி பள்ளமாகத் தெரியும். எதிர்ப்பக்கம் தாய். அவர் மலர்ந்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்து வந்தார்கள். பயந்த முகம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை. பள்ளத்தைக் கண்ட குழந்தை, அதற்கு என்ன அர்த்தம் என்பதைத் தாயின் முகத்தில் படித்தது.

பத்து வயதில் முகம்கூட வேண்டாம், குரல் போதும். லோயர் கேம்ப் மின்நிலையத்தைத் தாண்டி வரும் முல்லைப் பெரியாற்றில் தண்ணீர் கூடினால் இழுவை பலமாக இருக்கும். அக்காவின் பயம் பொய்யில்லை. ஆனால் பையன் ஆற்றின் இழுவையோடு இன்னொன்றையும் சேர்த்துக் கற்றான்: தன்னால் எதையும் சமாளிக்க முடியாது என்று. பள்ளிச் சுற்றுலாவுக்கும் வரமாட்டேன் என்று அழுதான்.

கட்டுப்பாடே தப்பு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆய்வாளர் பிரையன் பார்பர் 1996இல் இரண்டு வகைக் கட்டுப்பாட்டைப் பிரித்துக் காட்டினார். “ஆறு மணிக்குள்ள வந்துரு, ஆத்துக்கு மாமாவோட மட்டும் போ” என்பது நடத்தைக்கு எல்லை; அதற்குள் பிள்ளை தன் இஷ்டப்படி இருக்கலாம். “நீ ஆத்துக்குப் போனா அம்மா செத்துருவேன்” என்பது மனதைப் பிடித்து ஆட்டுவது. மனச்சோர்வோடு சேர்ந்து வருவது இந்த இரண்டாவது வகை. எனக்கும் அப்படித்தான் சொல்லி வளர்த்தார்கள். பாசத்தில் சொன்னதுதான். இன்றும் பஸ் தாமதமானால் ஏதோ குற்றம் செய்தவன்போல் எனக்கு வியர்க்கிறது.

அதற்காகத் தாயைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2007ஆம் ஆண்டுக் கணக்கில், பிள்ளைகளின் பதற்றத்தில் காணும் வேறுபாட்டில் வளர்ப்பு முறையோடு தொடர்புடையது வெறும் 4 சதவீதம். வளர்ப்புக்குள் எதன் தொடர்பு பெரிது என்று பார்த்தால், பிள்ளையைத் தானே செய்ய விடுவதுதான்; அப்படி விட்ட இடத்தில் பதற்றம் குறைவாக இருந்தது. பிள்ளையின் சுபாவமும் பெற்றவரை இழுக்கும். 2009இல் வெளிவந்த ஆய்வொன்றில், பயமில்லாத பிள்ளைகளின் தாய்மார்கூட, வேறு வீட்டுப் பயந்த பிள்ளையோடு உட்கார்ந்தபோது கூடுதலாகக் குறுக்கே புகுந்து உதவினார்கள்.

எனக்கு நம்பிக்கை தருவது யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் குழு செய்த வேலை. பதற்றக் கோளாறு இருந்த, 7 முதல் 14 வயதுவரையான 124 பிள்ளைகள். ஏறக்குறைய ஒரு பாதியில் பிள்ளைக்கே நேரடி உளச்சிகிச்சை; மறுபாதியில் பெற்றோருக்கு மட்டும் பயிற்சி. 2020இல் வந்த முடிவில், பெற்றோர் பயிற்சி நேரடிச் சிகிச்சைக்குக் குறைந்ததாக இல்லை. பெற்றோர் கற்றது இவ்வளவுதான்: “ஒனக்குப் பயமாத்தான் இருக்கும், ஆனா ஒன்னால தாங்க முடியும்” என்று மனதாரச் சொல்வது, பிள்ளையின் பயத்துக்காகத் தாங்கள் செய்துவந்த ஏற்பாடுகளை ஒவ்வொன்றாகக் குறைப்பது.

போன கோடை விடுமுறையில் பையனின் தாய்மாமன் அவனுக்கு நீச்சல் பழக்கினார். அக்கா பதினோரு மணிப் போனை மட்டும் நிறுத்திப் பார்த்தார். முதல் நாள் எப்படி இருந்தது என்று கேட்டேன். “கை நடுங்குச்சு தம்பி. காய எண்ணிக்கிட்டே எடுத்தேன். அர மணி நேரத்துல தன்னால அடங்கிருச்சு.” மதியம் கூப்பிட்டபோது அவன் சோற்றுக் கையோடு போனை எடுத்தானாம்.