பால் வெட்டுன கையும் ப்ரோப் புடிச்ச கையும்

நான் பொறந்து வளந்ததெல்லாம் மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டம், இப்ப அதுல பாதி செம்பனை ஆயிருச்சு மீதி வீடு கட்டி தாமான் ஆயிருச்சு. பல் டாக்டருக்கு படிக்கிற பிள்ளைங்களுக்கு ஈறு நோய் பாடம் சொல்லி குடுக்குறது தான் இப்ப என் வேலை. வருஷத்துல ரெண்டு மூணு தடவ பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு ஊருக்கு வந்து கோயில் மண்டபத்துல முகாம் போடுவோம், அங்க நடந்த ஒண்ண வச்சு இந்த ஈறு நோய் எப்படி வேலை செய்யுது, அத கண்டுபுடிக்க ஒரு பிள்ளையோட கைய எப்படி பழக்குறோம்னு எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை.

அன்னைக்கு வந்தவங்கள்ல ஒரு பெரியம்மா, 62 வயசு, முப்பது வருஷத்துக்கு மேல ரப்பர் மரத்துல பால் வெட்டுனவங்க. "பல்லு வலிக்கலம்மா, கீழ்ப்பல்லு லேசா ஆடுது, இட்லி கடிச்சா கூட ஒரு மாதிரி இருக்கு, அவ்வளவு தான்"னு சொன்னாங்க. நாலாவது வருஷம் படிக்கிற பொண்ணு கண்ணாடிய வச்சு நல்லா பாத்துச்சு. வெத்தல கறை இருக்கு, ஈறு ரொம்ப செவக்கல, வீக்கமும் பெருசா இல்ல. "பரவால்ல சார், க்ளீன் பண்ணா போதும்"னு என்கிட்ட சொல்லிச்சு. நான் ஒண்ணும் சொல்லாம, ஈறுக்குள்ள ஆழம் அளக்குற கம்பி இருக்கே, அந்த ப்ரோப்ப எடுத்து அது கையில குடுத்தேன். கீழ்க்கடவாய்ப் பல் ஓரத்துல எறக்குன உடனே அந்த பொண்ணு முகம் மாறிருச்சு, ஏன்னா 7 மில்லிமீட்டர் உள்ள போயிருச்சு.

இது தான் இந்த நோயோட குணம். சொத்தைப் பல்லு கத்தி ஊர கூட்டும், ஈறு நோய் சத்தமே போடாது. வருஷக்கணக்கா எலும்ப தின்னுக்கிட்டே இருக்கும், பல்லு ஆடுற அன்னைக்கு தான் ஆளுக்கு தெரியும்.

பல்லு எலும்புல ஆணி அடிச்ச மாதிரி இறுகி நிக்கல. வேருக்கும் எலும்புக்கும் நடுவுல சுமார் 0.2 மில்லிமீட்டர் சந்து இருக்கு, அதுல ஆயிரக்கணக்கான நார் குறுக்கும் நெடுக்குமா கட்டி பல்ல தூளியில போட்ட பிள்ள மாதிரி தொங்க விட்டுருக்கு. மேல ஈறு ஒரு காலர் மாதிரி சுத்தி நிக்குது, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல சின்ன பள்ளம். நல்லா இருக்குற வாயில ப்ரோப் வச்சு அளந்தா அந்த பள்ளம் 1லருந்து 3 மில்லிமீட்டர் தான் இருக்கும். அதோட அடியில ஈறு பல்லோட ஒட்டிக்கிட்டு இருக்கும், அந்த ஒட்டு தான் கோட்டை கதவு.

பல்லு மேல படியிற அழுக்க வெறும் சோத்துத் துணுக்குனு நெறைய பேர் நெனைக்கிறாங்க. லயத்து வீட்டுக்கு பின்னால சிமிந்து கால்வாய் இருக்கும் தெரியுமா, அதுல வழவழன்னு ஒரு பாசி படியும், வாளி வாளியா தண்ணி ஊத்துனாலும் போகாது, தென்னந் தொடப்பத்த வச்சு தேச்சா தான் வரும். பல்லு மேல படியிறதும் அதே ஜாதி தான். பாக்டீரியா கூட்டம் கூட்டமா ஒட்டி, தானே ஒரு பசைய சுரந்து அதுக்குள்ள குடியிருக்கும். அதனால தான் வாய் கொப்பளிக்கிற மருந்து மட்டும் போதாது, தேச்சு தான் எடுக்கணும். தேய்க்காம விட்டா எச்சில்ல இருக்குற கால்சியமும் பாஸ்பேட்டும் அதுல எறங்கி கல்லா இறுகிரும், நம்ம ஊர்ல மலாய்ல காராங் கிகின்னு சொல்றாங்களே அந்த காரை. அந்த கல்லு முரடா இருக்குறதால அது மேல இன்னும் பாசி ஏறும்.

உடம்பு சும்மா இருக்குமா? வெள்ளை அணுவ அனுப்பி சண்டை போடும், அந்த சண்டையில ஈறு செவந்து வீங்கி ரத்தம் கசியும். இதுவரைக்கும் வந்தது திரும்பி போகும். ஆனா சில பேருக்கு சண்டை நிக்காம உள்ள போயிக்கிட்டே இருக்கும், அப்ப உடம்பு சுரக்குற ரசாயனங்களே எலும்ப கரைக்கிற செல்லுங்கள தட்டி எழுப்பி விட்டுரும். அதாவது கிருமி எலும்ப கடிச்சு தின்னல, கிருமிய வெரட்டப் போன நம்ம உடம்பு தான் எலும்ப கரைச்சு பின்வாங்குது. ஒட்டு கீழ எறங்குது, பள்ளம் ஆழமாகுது, அதுக்கு பேரு பாக்கெட். ப்ரஷ் அங்க எட்டாது. இந்த இடத்த கிளாஸ்ல நான் ரெண்டு தடவ சொல்லுவேன், ஏன்னா இது புரியலன்னா மத்தது எதுவுமே புரியாது.

இத நிரூபிச்சதுல ஹரால்ட் லோன்னு ஒரு டாக்டர் முக்கியமானவர். 1965ல டென்மார்க்ல 12 பேர பல் தேய்க்காம இருக்கச் சொன்னாரு, எல்லாருமே நல்ல வாயோட இருந்தவங்க. 10லருந்து 21 நாளைக்குள்ள ஒருத்தர் விடாம எல்லாருக்கும் ஈறு வீங்கிருச்சு, மறுபடி தேய்க்க ஆரம்பிச்சதும் ஒரு வாரம் போல ஆறிருச்சு. அப்புறம் அவர் குழு இலங்கைக்கு போச்சு. 1970லருந்து 15 வருஷம் 480 தேயிலைத் தோட்டத் தொழிலாளிங்கள பின்தொடர்ந்து பாத்தாங்க, எல்லாம் நம்ம தமிழ் ஆளுங்க. பல் டாக்டர் வசதி கெடையாது, ப்ரஷ் பழக்கமும் கெடையாது, எல்லார் வாயிலயும் அழுக்கும் காரையும் ஒரே மாதிரி. ஆனா முடிவு ஒரே மாதிரி இல்ல. 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமா ஓடி 45 வயசுல ஒட்டு சராசரியா 13 மில்லிமீட்டர் எறங்கியிருந்துச்சு. 81 சதவீதம் பேருக்கு மிதமான வேகத்துல போச்சு. மீதி 11 சதவீதத்துக்கு ஈறு வீக்கத்தோட நின்னுருச்சு, எலும்பு போகல.

இந்த பாடம் எடுக்குற ஒவ்வொரு வருஷமும் எனக்கு தொண்டை அடைக்கும். நம்ம தாத்தா பாட்டி மாதிரி காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்கு நின்ன ஆளுங்க, அவங்களுக்கு வைத்தியம் எட்டாம போனதால தான் உலகம் பூரா பல் மருத்துவம் படிக்கிறவங்களுக்கு இந்த நோயோட இயற்கையான ஓட்டம் தெரிஞ்சுச்சு. பிள்ளைங்க இத வெறும் பரீட்சை கேள்வியா படிச்சிட்டு போகக்கூடாதுன்னு நான் நெனைக்கிறேன். அதோட "எங்க வீட்ல எல்லாருக்கும் நாப்பதுல பல்லு விழுந்துரும் சார், பரம்பரை"னு நம்ம சனங்க சொல்றாங்களே, அதுலயும் பாதி உண்மை இருக்குன்னு இந்த கணக்கு காட்டுது. மீதி பாதி அழுக்கு, அது நம்ம கையில இருக்கு.

சரி, கைய பழக்குற விஷயத்துக்கு வரேன்.

ப்ரோப்ங்குறது மெல்லிசான கம்பி, நுனி மழுங்கி இருக்கும், பக்கத்துல மில்லிமீட்டர் கோடு போட்டுருக்கும். அத 20லருந்து 25 கிராம் அழுத்தத்துல வைக்கணும். 25 கிராம்னா எவ்வளவுன்னு யாருக்கும் தெரியாது, அதனால மொதல் நாள் சமையலுக்கு மாவு நிறுக்குற சின்ன தராசு மேல ப்ரோப்ப வச்சு அழுத்தச் சொல்லுவேன். பிள்ளைங்க எடுத்த எடுப்புல 80, 100னு அழுத்துவாங்க. கண்ண மூடிக்கிட்டு 25க்கு கொண்டு வர்ற வரைக்கும் விட மாட்டேன், சில பிள்ளைக்கு ரெண்டு வாரம் ஆகும். ரொம்ப அழுத்துனா ஒட்ட கிழிச்சிக்கிட்டு எறங்கிரும், நல்ல ஈறுலயும் ரத்தம் வரும், இல்லாத நோய எழுதிருவாங்க. பயந்து பயந்து வச்சா பாக்கெட்டோட அடிய தொடாது.

ஒரு பல்லுக்கு ஆறு எடத்துல அளக்கணும், 28 பல்லு இருந்தா 168 எடம். குத்திட்டு எடுக்குறது இல்ல, ஒவ்வொரு மில்லிமீட்டரா நடக்க விட்டு சுத்தி வரணும். ஒரு பிள்ளை அளந்து "மூணு, நாலு, ஏழு, ரத்தம்"னு சொல்லும், இன்னொண்ணு எழுதும், அப்புறம் கை மாத்தி அதே பல்ல அளப்பாங்க, ரெண்டு பேர் கணக்கும் 1 மில்லிமீட்டருக்குள்ள ஒத்து வரணும்.

அன்னைக்கு பெரியம்மாவோட பக்கத்துப் பல்லுல அந்த பொண்ணு 4னு சொல்லிச்சு. நான் வச்சு பாத்தேன், 8. ஏன் தெரியுமா, ஈறுக்குள்ள வேர்ல ஒரு காரை படி மாதிரி நீட்டிக்கிட்டு இருந்துச்சு, ப்ரோப் அதுல முட்டி நின்னத அது அடின்னு நெனச்சிருச்சு. ஈறு சதையில பட்டா நுனி மெத்துன்னு நிக்கும், லேசா எழும்பும். காரையில பட்டா கடக்குன்னு கல்லு மாதிரி இருக்கும், அப்ப ப்ரோப்ப லேசா வெளிய சாச்சு அந்த படிய தாண்டி எறக்கணும். இத எந்த படத்துலயும் காட்ட முடியாது. அந்த பொண்ணு கை மேல என் கைய வச்சு எறக்குனேன், தாண்டுன நிமிஷம் "ஆங், தெரியுது சார்"னு சொல்லிச்சு.

பெரியம்மா வாய தொடச்சிக்கிட்டு சொன்னாங்க, "மரம் வெட்டுறதும் இப்படி தாம்மா. இருட்டுல தலையில லைட்ட மாட்டிக்கிட்டு வெட்டுவோம், கண்ணு எங்க தெரியும், கத்தி பட்டைக்குள்ள எவ்வளவு போச்சுன்னு கைக்கு தான் தெரியும். மேலோட்டமா வெட்டுனா பால் வராது, ஆழமா போனா மரத்துல காயம் பட்டு முண்டு கட்டிரும், மண்டோர் திட்டுவாரு." அது முழுக்க நெசம். பால் குழாய்ங்க பட்டையோட உள் ஓரத்துல தான் அதிகம், மரத்துக்கும் வெட்டுக்கும் நடுவுல ஒரு மில்லிமீட்டர் போல விட்டு நிறுத்தணும். பிள்ளைங்க எல்லாம் அவங்கள சுத்தி நின்னு கேட்டுச்சுங்க. நான் அஞ்சாறு கிளாஸ்ல சொல்லி குடுக்குறத அவங்க ஒரு நிமிஷத்துல சொல்லிட்டாங்க.

அளந்தது போதாது, கணக்கு போடணும். ஈறு 3 மில்லிமீட்டர் கீழ எறங்கி, அதுக்கு கீழ பாக்கெட் 4 இருந்தா, போன ஒட்டு 7. வெறும் 4ஐ மட்டும் பாத்துட்டு "சுமாரான நோய்"னு எழுதுறது பிள்ளைங்க அடிக்கடி பண்ற தப்பு. 2018ல வந்த உலக வகைப்பாடு படி நோய் எவ்வளவு தூரம் போயிருக்குன்னு நாலு ஸ்டேஜ், எவ்வளவு வேகமா போகுதுன்னு ஏ, பி, சின்னு மூணு கிரேடு. எக்ஸ்ரேல எலும்பு எத்தன சதவீதம் போயிருக்குன்னு பாத்து அத வயசால வகுக்கணும், 1க்கு மேல போனா சி. பெரியம்மாவுக்கு மோசமான எடத்துல 50 சதவீதம், 62ஆல வகுத்தா 0.8, அதாவது பி. ஆனா அவங்களுக்கு இனிப்பு நீர், அதான் சக்கரை வியாதி, மூணு மாச சக்கரை கணக்கு (HbA1c) 8.6 சதவீதம். அது 7ஓ அதுக்கு மேலயோ இருந்தா கிரேடு சிக்கு போயிரும்.

இந்த இனிப்பு நீர் விஷயம் நம்ம சனத்துக்கு ரொம்ப முக்கியம், கொஞ்சம் நிதானமா படிங்க. 2019 தேசிய சுகாதார ஆய்வு படி மலேசியாவுல பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு, இனவாரியா பாத்தா இந்தியர்கள்கிட்ட தான் அதிகம். சக்கரை கட்டுப்பாட்டுல இல்லன்னா ஈறு நோய் வேகமாகும், ஈறுல இருக்குற அழற்சி திரும்ப சக்கரைய கட்டுப்படுத்த விடாது. அதனால வாய பாக்குற பிள்ளை மருந்து பைய திறந்து பாக்கணும்னு நான் கட்டாயப்படுத்துவேன். அம்லோடிபின் மாதிரி சில ரத்த கொதிப்பு மாத்திரை சில பேருக்கு ஈற தடிக்க வைக்கும். சிகரெட் புடிக்கிறவங்களுக்கு ரத்தம் கசியிறது கொறைஞ்சு, நோய் இல்லாத மாதிரி ஏமாத்தும்.

வைத்தியம்னு வந்தா பிள்ளைங்க கை நேரா மெஷினுக்கு தான் போகும். நான் மொதல்ல ப்ரஷ்ஷ தான் எடுக்க சொல்லுவேன். ஈறு ஓரத்துல 45 டிகிரி சாச்சு வச்சு சின்ன சின்னதா அசைக்கிறது, பல்லு சந்துக்கு ஏத்த அளவுல சின்ன ப்ரஷ் விடுறது. ஆள் கையில கண்ணாடிய குடுத்து அவங்களே செய்யிற வரைக்கும் பக்கத்துல நிக்கணும். பெரியம்மா ரெண்டாவது தடவையே சரியா செஞ்சாங்க, கோணம் அவங்களுக்கு சொல்லி குடுக்க வேண்டியதே இல்ல.

அப்புறம் பிள்ளைங்க கிளினிக்குக்கு ஈப்போவுக்கு பஸ்ல நாலு தடவ வந்தாங்க. மரப்பு ஊசி போட்டு, தண்ணி பீச்சுற மெஷின வச்சு பெரிய காரைய ஒடைச்சு, மீதிய கையால சொரண்டுற ஆயுதத்துல எடுத்தாங்க. அந்த அலகு உள்ள போகும்போது பல்லோட படிஞ்சு போகணும், அடிக்கு போனதும் திருப்பி 70, 80 டிகிரிக்கு திறந்து இழுக்கணும். 45க்கு கீழ இருந்தா காரை மேல வழுக்கி அத வழவழன்னு மெருகேத்திரும், அப்புறம் அத கண்டுபுடிக்கவே முடியாது. மோதிர விரல் பக்கத்துப் பல்லுல ஊணி நிக்கணும், ஊணாத கை ஈற கிழிச்சிரும்.

க்ளீன் பண்ணா பல்லு ஆடும், சந்து விழும்னு நம்ம ஊர்ல பயம் இருக்கு. வீக்கம் வத்தி ஈறு சுருங்கும்போது, எலும்பு போன எடம் வெளிய தெரியுது, சந்து அது தான். கொஞ்ச நாளைக்கு பல்லு கூசும். இத வைத்தியத்துக்கு முன்னாலயே ஆள்கிட்ட சொல்லணும், பின்னால சொன்னா சாக்கு சொல்ற மாதிரி ஆயிரும். பெரியம்மாவ முன்ன ஒரு எடத்துல எல்லாத்தையும் புடுங்கிரலாம்னு சொல்லி அனுப்பியிருக்காங்க, ப்ரோப் வச்சே பாக்கலையாம். எனக்கு அது ரொம்ப வருத்தம்.

பத்து வாரம் கழிச்சு மறுபடி அளந்தோம், அதே பொண்ணு தான். "மூணு, மூணு, நாலு. மூணு, ரெண்டு, மூணு." 7 இருந்த எடம் 4 ஆயிருந்துச்சு, ரத்தம் இல்ல. கடவாய்ப் பல்லு வேர் பிரியிற எடத்துல மட்டும் இன்னும் 6, தொட்ட உடனே ரத்தம். அந்த பொண்ணு ப்ரோப்ப எடுத்துட்டு, என்ன கேக்காமயே மறுபடி ஒரு தடவ எறக்குச்சு, காரை எதுவும் தடுக்கலன்னு உறுதி பண்ணிக்கிட்டு "ஆறு தான் சார், ஸ்பெஷலிஸ்ட்டுக்கு எழுதுறேன்"னு சொல்லிச்சு.